காரணம் சொல்ல மாட்டோம்: கோபாலன் முதல் குண்டாஸ் வரை பிரிவு 21

1950 மார்ச் 1. சென்னை மாகாணச் சிறையில் ஏற்கெனவே அடைபட்டிருந்த ஏ.கே.கோபாலனிடம் புதிதாக ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். கண்ணூர்க்காரர், கம்யூனிஸ்ட். நாடு விடுதலை பெற்ற நாளிலும் சிறையில் இருந்தவர். கொஞ்ச நாள் வெளிக்காற்றைச் சுவாசித்துவிட்டு 1947 டிசம்பரில் மறுபடி உள்ளே போனவர். சாதாரணக் குற்றவியல் சட்டப்படி அவருக்கு விதித்த தண்டனைகள் ரத்தாகிவிட்டன. ஆனாலும் கதவு திறக்கவில்லை. ஓர் உத்தரவு போனால் இன்னொன்று வந்தது. மார்ச் 1-ல் வந்த உத்தரவு, சில நாள் முன்புதான் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்த, விசாரணையில்லாமலே ஒருவரைச் சிறையில் வைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் போடப்பட்டது. மை காயாத சட்டம்.

அந்தச் சட்டத்தின் 14-ம் பிரிவு விசித்திரமானது. எதற்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அரசு கைதியிடம் தெரிவிக்கும். ஆனால் கைதி அதை நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அதுவே தனிக் குற்றம். நீதிபதியே கேட்டாலும் சொல்லக் கூடாது.

27 ஆண்டு தள்ளிப் போவோம். 1977 ஜூலை முதல் வாரம், டெல்லி. இருபது வயதுப் பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. பொதுநலன் கருதி உங்கள் பாஸ்போர்ட்டை முடக்குகிறோம், 7 நாளில் ஒப்படையுங்கள். அவர் காரணம் கேட்டு எழுதுகிறார். ஜூலை 6-ம் தேதி பதில் வருகிறது: பொதுமக்கள் நலன் கருதி, காரணங்களைத் தருவதில்லை என அரசு முடிவு செய்துள்ளது. அந்தப் பெண் மேனகா காந்தி. நெருக்கடி நிலையை அறிவித்த இந்திரா காந்தியின் மருமகள்.

இருவரும் உச்ச நீதிமன்றம் போனார்கள். இருவர் கையிலும் இருந்தது அரசமைப்பின் ஒரே வரி. பிரிவு 21. (சட்டத்துறைத் தமிழில் இதை ‘உறுப்பு 21’ என்பார்கள். பத்திரிகையும் கோர்ட்டு வராந்தாவும் ‘பிரிவு’ என்றே பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஆங்கில மூலத்தில் மொத்தம் 18 சொற்கள். சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையும் தனிநபர் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் பொருள். 1950-ல் இருந்த அதே 18 சொற்கள்தான் இன்றைக்கும். ஓர் எழுத்து கூடவில்லை, குறையவில்லை. கோபாலன் தோற்றார். மேனகா, ஒருவகையில் பார்த்தால், வென்றார். அந்த ‘ஒருவகையில்’ பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாற்றத்தைச் சட்டக் கல்லூரிகளில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கதையாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. எந்த மனிதருடைய வழக்கில் இந்தக் கதை தொடங்கியதோ, அவரைப் போன்றவரிடம் மட்டும் அந்த வெளிச்சம் கடைசியாகத்தான், அதுவும் அரைகுறையாகத்தான், போய்ச் சேர்ந்தது.

நழுவிய சொல்

அரசமைப்பு நிர்ணய சபையில் முதலில் எழுதப்பட்ட வரைவில் ‘சட்டத்தின் உரிய நெறிமுறை’ என்ற பொருளில்தான் சொற்கள் இருந்தன. அமெரிக்கச் சரக்கு. அங்கே அந்தத் தொடரைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதிகள் தொழிலாளர் சட்டங்களையே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சபையின் அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா போனபோது அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் செய்யும் சட்டத்தைத் தள்ளும் அதிகாரத்தை ஒரு சில நீதிபதிகளிடம் தருவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாது, நீதித்துறைக்கும் வீண் சுமை என்பது அவர் கருத்து. ராவ் திரும்பி வந்தார், தொடர் மாறியது. ஜப்பானின் 1946 அரசமைப்பின் 31-வது பிரிவிலிருந்து ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ வந்து உட்கார்ந்தது. அந்த ஜப்பானிய அரசமைப்பு அமெரிக்க ராணுவ ஆட்சியின் நிழலில் உருவானது என்பது தனி வேடிக்கை.

சபையில் கே.எம்.முன்ஷி பழைய தொடரே வேண்டும் என்றார். சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் புதிய தொடர் பக்கம் நின்றார். சமூகச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிபதிகள் தங்கள் பொருளாதாரக் கொள்கையைக் காரணமாக்கித் தடுத்துவிடக் கூடாது என்ற அவருடைய அச்சம் நியாயமானதுதான். 1948 டிசம்பர் 13-ல் அம்பேத்கர் பேசினார். ஒருபக்கம், கட்சிக்காரர்கள் நிரம்பிய சட்டமன்றம் உரிமைகளை மிதிக்கலாம். மறுபக்கம், உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்தாறு பேர் தங்கள் மனச்சாய்வுக்கேற்ப நல்ல சட்டத்தையும் தள்ளிவிடலாம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் சுழி என்ற நிலையைக் கிரேக்கப் புராண உவமையோடு சொல்லிவிட்டு, முடிவை அவையிடமே விட்டார். அவ்வளவு பெரிய சட்ட மேதை இந்த இடத்தில் தடுமாறியதை ஒளிக்கவில்லை.

மறு ஆண்டு செப்டம்பரில் அவரே, விட்டுப்போனதற்கு ஈடு என்று சொல்லிப் புதிதாக ஒரு பிரிவைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய பிரிவு 22. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதே பிரிவின் பிற்பாதி, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இவை பொருந்தா என்றது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்ட பிரிவு. உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே விசாரணையில்லாச் சிறைக்கு ஓர் அறை ஒதுக்கியாயிற்று.

ஆறு நீதிபதிகள், 1950

காவல் செல்லுமா என்று கேட்கும் கோபாலனின் ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெரிய அரசமைப்பு வழக்கு. நீதிமன்றம் அப்போது நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான் இயங்கியது. கோபாலனுக்காக வாதாடியவர் எம்.கே.நம்பியார். பிரிவு 21-ல் வரும் ‘சட்டம்’ என்ற சொல்லை அரசு அச்சடித்து நீட்டும் எந்தக் காகிதமாகவும் படிக்கக் கூடாது, இயற்கை நீதியின் அடிப்படைகள் அதற்குள் அடங்கும் என்றார். பிரிவு 19 தரும் நடமாட்டச் சுதந்திரத்தையும் 21-ஐயும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார்.

1950 மே 19-ல் தீர்ப்பு. தலைமை நீதிபதி கானியா உள்ளிட்ட நால்வர் மறுத்தார்கள். சட்டம் என்றால் சட்டமன்றம் செய்த சட்டம், முடிந்தது. ஒவ்வொரு பிரிவும் தனித்தனி அறை. 19 வெளியே நடமாடுகிற குடிமகனுக்கு, 21-ம் 22-ம் பிடிபட்டவனுக்கு. நீதிபதி எஸ்.ஆர்.தாஸ் இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனார். தூக்கிலிட்டு உயிரை எடுக்கச் சட்டம் சொல்லலாம் என்றால், கொதிக்கும் எண்ணெயில் போட்டு எடுக்கச் சொன்னாலும் தர்க்கப்படி மறுப்பதற்கில்லை. நீதிமன்றத்தின் நியாய உணர்வு உறுத்துகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை என்ற ரீதியில் எழுதினார். படிக்கும்போது கசக்கும். ஆனால் அவர் அதை விரும்பி எழுதவில்லை. நான் படித்துக் காட்டுபவன், எழுதியவன் அல்ல என்கிற பழைய பிரிட்டிஷ் மரபின் குரல் அது.

தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ம் பிரிவை மட்டும் ஆறு பேரும் ஒரே குரலில் வெட்டினார்கள். காரணத்தை நீதிபதியிடமே மறைக்கச் சொல்லும் சட்டத்தை எந்தப் பாணியில் படித்தாலும் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் கோபாலன் உள்ளேயே இருந்தார்.

மாறுபட்டவர்கள் இருவர்: மகாஜன், ஃபசல் அலி. இதில் சையது ஃபசல் அலி எழுதியதுதான் பின்னாளில் முளைத்த விதை. உரிமைகளைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது, ஒன்றின்மேல் ஒன்று படிந்தே கிடக்கும் என்றார். நடைமுறை என்றாலே அதில் நான்கு அம்சம் இருக்க வேண்டும் என்று பட்டியலிட்டார்: அறிவிப்பு, பேச வாய்ப்பு, சார்பற்ற தீர்ப்பாளர், ஒழுங்கான விசாரணை. 1950-ல் இது சிறுபான்மைக் கருத்து. தீர்ப்பின் வாலில் கிடந்தது.

கோபாலன் பிறகு வெளியே வந்தார். 1952-ல் முதல் மக்களவைக்கே தேர்வாகி கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக உட்கார்ந்தார். அவரை அடைத்துவைத்த சட்டமும் அவையும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டன. ஓராண்டுக்கென்று வந்த அந்தத் தற்காலிகச் சட்டம் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 1969 வரை ஓடியது.

சுவரில் விழுந்த விரிசல்கள்

அடுத்த 20 ஆண்டில் கோபாலன் தீர்ப்பை யாரும் நேரே இடிக்கவில்லை. அங்கங்கே கல் பெயர்ந்தது.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர்மீது கொள்ளை வழக்கு. சாட்சியம் இல்லாமல் விட்டுவிட்டார்கள். போலீஸ் மட்டும் விடவில்லை. பெயர் ஹிஸ்டரி ஷீட்டில் ஏறியது. நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவார்கள். வீட்டில்தான் இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராத்திரியில் வீட்டுக்குள் வருவது கூடாது, மற்றபடி கண்காணிக்கலாம், ஏனென்றால் அந்தரங்கம் என்றொரு உரிமை நம் அரசமைப்பில் இல்லை என்றது. நீதிபதி சுப்பா ராவ் ஒப்பவில்லை. எப்போதும் ஒரு கண் தன் முதுகில் இருக்கிறது என்று தெரிந்த மனிதன் எப்படிச் சுதந்திரமானவன் ஆவான் என்பது அவர் கேள்வியின் சாரம். அவர் எழுதியதும் தீர்ப்பின் வாலில் போய்ச் சேர்ந்தது.

1967-ல் வெளிநாடு போகும் உரிமை தனிநபர் சுதந்திரத்தில் அடங்கும் என்று 3-க்கு 2 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. அதற்குப் பதிலாகத்தான் அரசு பாஸ்போர்ட் சட்டத்தையே கொண்டுவந்தது.

பெரிய அடி விழுந்தது எதிர்பாராத இடத்தில். 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாயின. ஆர்.சி.கூப்பர் வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்து, 1970 பிப்ரவரி 10-ல், உரிமைகளைத் தனித்தனி அறையில் வைக்கும் கோபாலன் பாணி தவறு என்று 10-க்கு 1 என்று சொன்னார்கள். சிறையில் கிடந்த அரசியல் கைதிக்குத் திறக்காத கதவு வங்கிப் பங்குதாரருக்குத் திறந்தது. நீதிமன்ற வரலாற்றில் இப்படித்தான் நடக்கும் போலிருக்கிறது.

1976, ஏப்ரல் 28

நெருக்கடி நிலையின்போது மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைபட்டவர்கள் ஒன்பது உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனு போட்டு ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். குடியரசுத் தலைவர் ஆணை பிரிவு 21-ஐ நாடும் உரிமையை நிறுத்திவைத்திருக்கிறது. ஆகவே காவல் சட்டவிரோதமா என்று கேட்கவே நீதிமன்றத்துக்கு இடமில்லை என்பது அரசின் வாதம். ஒரு போலீஸ்காரர் தன் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூடவா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். ஆம், நெருக்கடி நிலை இருக்கும்வரை பரிகாரம் இல்லை என்று அட்டர்னி ஜெனரல் நீரேன் டே ஒப்புக்கொண்டார்.

நான்கு நீதிபதிகள் அரசு பக்கம்: ரே, பெக், சந்திரசூட், பகவதி. கன்னா மட்டும் மாறுபட்டார். பிரிவு 21 எழுதப்படுவதற்கு முன்பும் ஒருவரின் உயிரைச் சட்டமில்லாமல் பறிக்க முடியாதுதானே என்றார். 1977 ஜனவரியில் தலைமை நீதிபதி நாற்காலி காலியானபோது அவரைத் தாண்டி பெக்கை உட்கார வைத்தார்கள். கன்னா விலகிப்போனார்.

பாஸ்போர்ட்

இப்போது மேனகா வழக்கின் அமர்வைப் பாருங்கள். 1978 ஜனவரி 25-ல் தீர்ப்பு சொன்ன ஏழு பேரில் மூவர் பெக், சந்திரசூட், பகவதி. இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அன்று கைதிகளின் உயிருக்கே கதவடைத்தவர்கள், இன்று ஒரு பயணப் பத்திரத்துக்காக அதே வரியை விரித்துப் படித்தார்கள். இதைப் பிராயச்சித்தம் என்பார்கள் சிலர். ஆட்சி மாறியதும் துணிச்சல் வந்தது என்பார்கள் சிலர். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்றே நினைக்கிறேன். எது காரணமானாலும் தீர்ப்பு நல்ல தீர்ப்பு.

பகவதி எழுதியது இதுதான்: நடைமுறை என்று பெயருக்கு ஏதோ ஒன்று இருந்தால் போதாது. அது நியாயமானதாக, நேர்மையானதாக, சரியானதாக இருக்க வேண்டும். மனம்போன போக்கிலோ கொடுமையாகவோ இருந்தால் அது நடைமுறையே ஆகாது. அரசமைப்பில் சமத்துவம் பற்றிய பிரிவு 14, பிறகு 19, 21 மூன்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாஸ்போர்ட் சட்டத்தில் உரியவரைக் கேட்க வேண்டும் என்று வார்த்தை இல்லாவிட்டாலும், கேட்டாக வேண்டும் என்பது அதில் உறைந்திருக்கிறது.

நிர்ணய சபை வாசல்வழியே வெளியே அனுப்பிய ‘உரிய நெறிமுறை’ ஜன்னல்வழியே உள்ளே வந்துவிட்டது. இப்படிச் செய்ய நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 1948-ல் விவாதித்து, யோசித்து, வேண்டாம் என்று விட்ட ஒன்றை ஏழு பேர் கொண்டுவருவது என்ன நியாயம்? இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில், நடுவில் 1976 வந்துவிட்டது என்பதுதான். சட்டமன்றத்தை நம்பலாம் என்பது ஒரு கணிப்பு. அந்தக் கணிப்பு பொய்த்துப்போனது.

மாறுபட்டவர் நம்மூர்க்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டுப் போன பி.எஸ்.கைலாசம், கவிஞர் சௌந்தரா கைலாசத்தின் கணவர். பாஸ்போர்ட் சட்டத்தில் நடைமுறை இருக்கிறது, பிரிவு 21 கேட்பது அதைத்தான் என்று பழைய வாசிப்பில் நின்றார். பகவதியோடு சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சையது முர்தசா ஃபசல் அலி. 1950-ல் மாறுபட்ட அந்த ஃபசல் அலியின் மகன். தகப்பனின் வால்பகுதி மகனின் காலத்தில் தலைப்பகுதியானது.

சரி, மேனகாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்ததா? இல்லை. அவர் தரப்பைக் கேட்டு முடிவு செய்கிறோம், முடக்கினாலும் 6 மாதத்துக்கு மேல் போகாது என்று அட்டர்னி ஜெனரல் உறுதி சொன்னார். நீதிமன்றமும் உத்தரவை ரத்து செய்யாமல் மனுவை முடித்துவைத்தது. பாஸ்போர்ட் உச்ச நீதிமன்றப் பதிவாளரின் கையிலேயே இருக்கட்டும் என்றது. கொள்கை நாட்டுக்குக் கிடைத்தது, புத்தகம் பதிவாளரிடம் இருந்தது. நான் மேலே ‘ஒருவகையில்’ என்றது இதைத்தான்.

அதே ஆண்டு 44-வது திருத்தம் நிறைவேறியது. நெருக்கடி நிலையிலும் 20, 21 பிரிவுகளை நிறுத்திவைக்க முடியாது என்றானது. கன்னாவின் தனிக்குரல் எழுத்தாகவே ஏறிவிட்டது.

திறந்த மதகு

பிறகு வந்ததை எல்லோரும் அறிவார்கள். பீகார் சிறைகளில், குற்றம் நிரூபணமானால் கிடைக்கும் தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே கிடந்தவர்களுக்காக 1979-ல் விரைவான விசாரணையும் 21-க்குள் வந்தது. இலவசச் சட்ட உதவி, கைவிலங்கு கூடாது, மூச்சுவிட நல்ல காற்று, கல்வி என ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் பிழைப்பும் உயிரின் பகுதியே என்றார்கள். ஆனால் குடிசைகளை அகற்றலாம், மழைக்காலம் போகட்டும் என்றார்கள். இந்த வகைத் தீர்ப்புகளில் உரிமை பெரிதாகவும் பரிகாரம் சிறிதாகவும் இருப்பது அடிக்கடி நடக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குகளுக்கு இதில் தனி இடம் உண்டு. 1983-ல் வதீஸ்வரன் வழக்கு: தூக்குத் தண்டனை கிடைத்து எட்டு ஆண்டாகக் கயிற்றுக்குக் காத்திருந்த ஒருவர். இத்தனை நாள் காக்கவைத்ததே தனித் தண்டனை, பிரிவு 21 இதைத் தாங்காது என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி ஆயுளாகக் குறைத்தார். 2 ஆண்டு தாமதம் போதும் என்ற அவரது அளவுகோலை வேறு அமர்வு அதே ஆண்டே ஏற்க மறுத்தது. ஆனால் தாமதம் என்ற வாதம் சாகவில்லை. 2014 பிப்ரவரியில் ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்கு ஆயுளானது கருணை மனுவின் தாமதத்தால்தான்.

1994-ல் நக்கீரன் வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கைக் கதையில் அதிகாரிகளின் பெயர்கள் இருந்தன. அதை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்டியது. உச்ச நீதிமன்றம் பத்திரிகைக்கு முன்தடை போட அரசுக்கு உரிமையில்லை என்றது. போகிறபோக்கில், தன்னைத் தன்பாட்டில் விடச் சொல்லும் உரிமை 21-க்குள் இருக்கிறது என்றும் சொன்னது. கரக் சிங்குக்கு இல்லை என்ற ஒன்று, ஆட்டோ சங்கரின் கதை வழியே வந்துசேர்ந்தது.

விரிந்தது சுருங்கியதும் உண்டு. 2014 மே மாதம் ஜல்லிக்கட்டைத் தடுத்த தீர்ப்பு, பிரிவு 21-ன் ‘உயிர்’ என்ற சொல்லுக்குள் காளையின் உயிரையும் கொண்டுவந்தது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள், விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதற்கு முன்னுதாரணம் எதுவும் இல்லை என்று அந்தக் கதவைச் சாத்தினார்கள். அலங்காநல்லூரில் இந்த நுணுக்கத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அப்பாவும் பிள்ளையும்

2017-ல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்குக்கு உட்கார்ந்தார்கள். ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் போட்ட வழக்கில் கிளைத்த கேள்வி: அந்தரங்கம் அடிப்படை உரிமையா? இல்லை என்று வாதிட அரசு எடுத்துக்கொண்ட ஆயுதங்கள் 1954-ல் எட்டு நீதிபதிகள் சொன்ன ஒரு தீர்ப்பும் கரக் சிங் தீர்ப்பும். இரண்டும் கோபாலன் தீர்ப்பின் மண்ணில் முளைத்தவை. அரசுக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், கோபாலனுக்காக வாதாடிய நம்பியாரின் மகன். தகப்பன் எந்த வாசிப்பிடம் தோற்றாரோ, அந்த வாசிப்பின் மிச்சத்தைக் காப்பாற்றும் வேலை மகனுக்கு வந்தது. வக்கீல் தொழில் அப்படி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 24-ல் 547 பக்கத்தில் ஒன்பது பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். அந்தரங்கம் உண்டு. கூடவே, 1976 ஜபல்பூர் தீர்ப்பு தவறு, அதைத் தூக்கிப் போடுகிறோம் என்றும் எழுதினார்கள். அதை எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். தூக்கிப் போடப்பட்ட தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர் அவருடைய அப்பா ஒய்.வி.சந்திரசூட்.

கோபாலனின் அறை

இத்தனைக்கும் பிறகு கோபாலன் இன்று பிடிபட்டால் என்ன ஆகும்?

1981-ல் வந்த இரண்டு தீர்ப்புகள் பாதி பதிலைச் சொல்கின்றன. ஒன்று பிரான்சிஸ் கோரலி வழக்கு. உயிர் என்றால் வெறுமே மூச்சு விடுவதல்ல, மானத்தோடு வாழ்வது என்று மேடைதோறும் எடுத்துச் சொல்லப்படும் கருத்து அதில்தான் இருக்கிறது. மனு போட்டவர் திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரிட்டிஷ் பெண். அவருக்குக் கிடைத்தது விடுதலையல்ல; மாதம் ஒருமுறை என்றிருந்த உறவினர் சந்திப்பு வாரம் இருமுறை ஆனது. மற்றது ஏ.கே.ராய் வழக்கு. தேசியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தில் உள்ளே போனவர் ஓர் இடதுசாரி எம்.பி. மேனகா தீர்ப்பைக் காட்டி வாதாடினார்கள். காவல் தேவையா என்று ஆராயும் அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமையில்லை, நண்பர் ஒருவரை அழைத்து வரலாம், அந்த நண்பர் வழக்கறிஞராக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம். பிரிவு 22 எழுத்திலேயே மறுத்திருப்பதை 21-ஐக் காட்டி வாங்க முடியாது. அம்பேத்கர் ஈடாகக் கொண்டுவந்த பிரிவே இங்கே தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தளர்த்த நாடாளுமன்றமே முயன்றது. விசாரணையின்றி 3 மாதம் வைக்கலாம் என்பதை 2 மாதமாகக் குறைக்கவும், அறிவுரைக் குழும அமைப்பை இறுக்கவும் 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவு வழி செய்தது. 1979-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்தார். அது நடைமுறைக்கு வரும் தேதியை அரசு அறிவிக்க வேண்டும். எந்தக் கட்சி ஆண்டபோதும் அறிவிக்கவில்லை. ராய் வழக்கில் இதைக் கேட்டபோது, தேதி போடச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பெரும்பான்மை கைவிரித்தது.

தமிழ்நாட்டில் இந்த அறைக்குப் பெயர் குண்டாஸ். 1982-ம் ஆண்டின் 14-வது சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடி, குடிசைப் பகுதி நில அபகரிப்பு என்று தொடங்கி, திருட்டு விசிடி, மணல், சைபர் குற்றம் என்று வகை கூடிக்கொண்டே போனது. கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்திட்டால் 12 மாதம் வரை உள்ளே. ‘குண்டாஸ் போட்டுட்டாங்க’ என்பதை டீக்கடையில்கூட யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2011-ல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், காலாவதி மருந்து விற்றதாகப் பிடிபட்டவரின் காவலை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 21-தான் வீடு, தடுப்புக் காவல் அதில் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கு வீட்டை விழுங்கக் கூடாது. சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிந்தால் தடுப்புக் காவல் செல்லாது என்றது. அடிப்படையில் இது ஃபசல் அலியும் பகவதியும் எழுதியதன் தொடர்ச்சி. ஆனால் அந்த வழக்கு ஜெயித்தது இந்தப் பெரிய வாக்கியத்தால் மட்டுமல்ல. ‘இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருக்கிறது’ என்று காவல் உத்தரவில் எழுதியிருந்தார்கள். எந்த வழக்கு, என்ன நம்பர், என்றைக்கு என்று எழுதவில்லை. அந்த ஓட்டையும் உத்தரவைக் கவிழ்த்தது.

உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் வரும் நாளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இது புரியும். யாரும் மேனகா காந்தி பெயரை எடுப்பதில்லை. வழக்கறிஞர் கையில் ‘புக்லெட்’ இருக்கும். காவல் உத்தரவு, பழைய ‘அட்வர்ஸ் கேஸ்’ ஆவணங்கள், கடைசியாகப் பிடித்த ‘கிரவுண்ட் கேஸ்’ எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் உத்தரவு, எல்லாம் சேர்த்துத் தைத்துக் கைதிக்குக் கொடுத்த கட்டு. வாதம் இப்படித்தான் போகும்: ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை, கட்சிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. அல்லது, ஆட்சேபணை மனு போய் இத்தனை நாள் அமைச்சர் மேஜையில் கிடந்தது, இடையில் எத்தனை நாள் விடுமுறை. விரல்விட்டு எண்ணுவார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டும், கைதிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அவர் பதில் சொல்லத் தோதாகச் சொல்ல வேண்டும் என்று பிரிவு 22-ன் 5-வது உட்பிரிவுக்கு நீதிமன்றங்கள் பல்லாண்டாகக் கொடுத்துவந்த பொருள், இங்கே ஜெராக்ஸ் காகிதத்தின் தரமாக வந்து நிற்கிறது. மனு போட்டு விசாரணைக்கு வருவதற்குள் 12 மாதத்தில் பல மாதம் ஓடியிருக்கும்.

நான் பார்த்த ஒருநாள், இளம் வழக்கறிஞர் ஒருவர் புக்லெட்டைத் திறந்து ஒரு பக்கத்தை அமர்வின் முன் நீட்டினார். மேலே முத்திரை, கீழே கையெழுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. “மை லார்ட், இந்தப் பக்கத்தைத்தான் எங்காளுக்குக் கொடுத்திருக்காங்க.” நீதிபதி வாங்கினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார், விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த நீதிபதியிடம் கொடுத்தார். அவரும் பார்த்தார். பிறகு அரசு வழக்கறிஞரிடம் அந்தத் தாளை நீட்டி, “நீங்க படிச்சுச் சொல்லுங்க” என்றார். அவர் எழுந்து வாங்கி, கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.